புதிதாகச் சேரும் குடும்பங்களுக்கு முதல் வாரத்தில் எதைச் சொல்ல வேண்டும்? யோசனை தேவை

#1 தாழ்வாரம்

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. புதிதாகச் சேரும் குடும்பங்களை வரவேற்கும் வேலையைப் பெற்றோர் நாலு பேர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி.

போன வருஷம் கொடுத்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டுப் பக்கம். பள்ளியின் வரலாறு, நோக்கம், விதிமுறைகள், பரிசு வாங்கியவர்களின் படங்கள், எல்லாம் இருக்கின்றன. நாங்கள் சேர்ந்த வருஷம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்: எந்தக் கேட் வழியாக உள்ளே போவது? சின்ன வகுப்புகளுக்குப் பின் கேட். அது தெரியாமல் முன் கேட்டில் இருபது நிமிஷம் நின்றோம். மணி அடித்த பிறகு மதில் ஓரமாக ஓடினோம். என் மகளின் பள்ளி வாழ்க்கை மூச்சிரைப்பில்தான் தொடங்கியது. பதினெட்டுப் பக்கத்தில் இன்று வரை கேட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இந்த முறை ஒரே பக்கத்தில் முடிக்கப் பார்க்கிறேன். உங்களுக்கு முதல் வாரத்தில் எது தெரியாமல் போய் அல்லாடினீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

#2 கடைசிபெஞ்ச்

கையேடே எதற்கு? வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினால் தீர்ந்தது. சந்தேகம் வந்தால் அதில் கேட்டுக்கொள்வார்கள்.

#3 தாழ்வாரம்

குழு ஏற்கெனவே இருக்கிறது. அதில் முக்கியமான செய்தி ஒன்று வந்தால் அதன் மேல் முப்பது 'நன்றி', இருபது கட்டைவிரல், நாலு காலை வணக்கம். தோண்டி எடுப்பதற்குள் பள்ளியே விட்டுவிடும்.

#4 சிலேட்டு

நான் முதல் வகுப்பு ஆசிரியை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பக்கம் என்ற யோசனைக்கே முதலில் ஒரு கும்பிடு.

பெற்றோர் என்னிடம் கேட்பது எப்போதும் பாடத்தைப் பற்றித்தான். எண் எத்தனை வரை தெரிந்திருக்க வேண்டும், எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டுமா என்று. முதல் வாரத்தில் என் நேரத்தைத் தின்பது அது இல்லை. டிபன் பாக்ஸ் மூடி. மதிய மணி அடித்ததும் இருபது பிள்ளைகள் வரிசையாக வந்து "மிஸ், திறக்க வரலை" என்று நீட்டுவார்கள். புதுப் பெட்டி, இறுக்கமான மூடி, கடையில் அம்மா திறந்து பார்த்து வாங்கியது. பிள்ளை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்திருக்காது. சாப்பாட்டு நேரத்தில் பாதி திறப்பதிலேயே போய்விடும். நாலைந்து நாள் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளைகளும் உண்டு. வீட்டில் "பள்ளியில் சாப்பிடவே மாட்டேன் என்கிறான்" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே அதே பெட்டியில், அதே பாட்டிலோடு, வீட்டில் தரையில் உட்கார வைத்து ஒரு மதியச் சாப்பாடு. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்தது ஷூ. இடது வலது மாறுகிறது என்றால் ஒரு ஸ்டிக்கரைச் சரிபாதியாக வெட்டி, ஒவ்வொரு ஷூவின் உள்ளேயும் உள்பக்க ஓரமாக ஒரு பாதியை ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் படம் முழுசாகத் தெரிய வேண்டும். பட்டாம்பூச்சியின் இரண்டு இறக்கையும் சேர்ந்தால் ஷூ சரி.

பிறகு கழிப்பறை. இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன். வீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா வெளியே பேச்சுக் கொடுக்க, போய்ப் பழகிய பிள்ளை. பள்ளியில் கதவைச் சாத்த வேண்டும். தாழ்ப்பாள் போட்டால் திறக்க வராதோ என்று பயம். தண்ணீர் ஊற்றும் சத்தம் பயம். பெல்ட்டைக் கழற்றத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, வகுப்பில் எழுந்து நின்று எல்லார் எதிரிலும் கேட்க வேண்டும். இத்தனையும் யோசித்துவிட்டுப் பிள்ளை என்ன செய்யும்? அடக்கிக்கொள்ளும். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்று ஆறு வயதிலேயே கண்டுபிடித்துவிடும்.

#5 மருந்துச்சீட்டு

டீச்சர் சொல்வதற்குச் சாட்சி நான். குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். பள்ளி திறந்து சில வாரங்களில் வயிற்று வலி என்று வரும் பிள்ளைகளிடம் நாங்கள் தனியாகக் கேட்பது, "பள்ளியில் பாத்ரூம் போகிறாயா?" என்றுதான். கூட வந்தவர்கள் "அதெல்லாம் போவான்" என்பார்கள். பிள்ளை தரையைப் பார்க்கும்.

சிறுநீரை நாள் முழுக்க அடக்கினால் நீர்க்கடுப்பு, தொற்று வரலாம். பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியலாம், நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வரலாம். மலத்தை அடக்கினால் அது கெட்டியாகி வலிக்கும். வலிக்கு பயந்து இன்னும் அடக்கும். கெட்டியானதைச் சுற்றி நீராக வந்து உள்ளாடையில் கறை படும். வீட்டில் அதைப் பார்த்து "இவ்வளவு பெரிய பிள்ளை" என்று அடித்திருப்பார்கள். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை, அதற்கு வருவதே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் இருந்த கனத்திலேயே இருந்தால் கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள். வேறு எந்தக் கேள்வியும் அவ்வளவு விஷயத்தை வெளியே கொண்டுவராது.

#6 ராப்பணி

படித்துக்கொண்டே வந்தேன், நல்ல விஷயங்கள். ஆனால் எல்லாமே 'வீட்டில் ஒரு ஆள் சாவகாசமாக இருக்கிறார்' என்று வைத்துக்கொண்டு எழுதியது மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் இரவு ஷிப்ட் பார்ப்பவன். தனியாகத்தான் பிள்ளையை வளர்க்கிறேன். காலை ஏழரைக்கு வீடு வந்து, அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தூங்கப் போவேன். பெற்றோர் கூட்டம் காலை பதினொன்றுக்கு. எனக்கு அது நடுச்சாமம். இரண்டு தடவை போகவில்லை. மூன்றாம் தடவை போனபோது "அப்பா, நீங்கள் கொஞ்சம் அக்கறை காட்ட வேண்டும்" என்றார்கள். தூங்காத கண்ணோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லவில்லை. வேறு பள்ளிக்கு மாறிவிட்டோம், அதற்காக இல்லை, ஆனால் அது மறக்கவில்லை.

உங்கள் ஒரு பக்கத்தில் எங்களுக்குச் சொல்வதோடு எங்களிடம் கேட்கவும் ஒரு இடம் விடுங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பீர்கள், யார் கொண்டுவந்து விடுவார்கள், யார் கூட்டிப் போவார்கள், எந்த மொழியில் பேசினால் வசதி. இதை யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

#7 தாழ்வாரம்

ராப்பணி அண்ணா, கோபம் எதற்கு, சரியான இடத்தில் குட்டினீர்கள். சந்திப்பு நேரத்தை நான் காலை பத்தரை என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். கேட் அழுகை. போன வருஷம் ஒரு தாய் ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பிள்ளை அழ, வெளியே இவர் அழ. என்ன சொல்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

#8 பேத்திதாத்தா

அம்மா தாழ்வாரம், என் அனுபவத்தைச் சொல்கிறேன். பேத்தியைக் கொண்டுவிடுவது என் பொறுப்பு. முதல் நாள் அவள் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அழாமல் இருக்கிறாளே என்று பின்பக்கமாக நழுவி வந்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் என் சட்டை நுனியை விடவில்லை. வீட்டில் நான் பாத்ரூம் போனாலும் வாசலில் நிற்பாள். இந்த ஆள் சொல்லாமல் காணாமல் போகக்கூடியவர் என்று மனதில் பதிந்துவிட்டது.

அப்புறம் அவளுடைய டீச்சர்தான் வழி சொன்னார். சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் ஒரே தடவை சொல்லுங்கள். தினமும் ஒரே மாதிரி. நாங்கள் வைத்துக்கொண்டது: உள்ளங்கையில் விரலால் ஒரு வட்டம், "மதிய மணி, பிறகு கதை, பிறகு தாத்தா." திரும்பிப் பார்க்காமல் நடை. 'மூன்று மணிக்கு' என்றால் அவளுக்கு என்ன புரியும்? கதைக்குப் பிறகு தாத்தா என்றால் புரியும். பத்தாம் நாளோ என்னவோ, வட்டம் போட மறந்து அவளே உள்ளே ஓடிவிட்டாள். எனக்குத்தான் கேட்டில் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

#9 அணில்வால்

தாத்தா சொன்னது அழகு. ஆனால் "விட்டுவிட்டுப் போங்கள், சரியாகிவிடும்" என்பதை எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் மகன் இரண்டாம் வகுப்பில் இரண்டு மாதம் அழுதான். எல்லாரும் பழகிவிடும் பழகிவிடும் என்றார்கள். நாங்களும் நம்பி இழுத்துக்கொண்டு போய்விட்டோம். கடைசியில் பார்த்தால் அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை. எழுதியது தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதி, அதற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். "கண் தெரியவில்லை" என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சேன்" என்றான்.

கண்ணாடி போட்ட அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

#10 சிலேட்டு

அணில்வால், சரியாகப் பிடித்தீர்கள். இரண்டு அழுகை இருக்கிறது. ஒன்று கேட்டோடு நிற்கிற அழுகை. பெரும்பாலான பிள்ளைகள் நீங்கள் மூலை திரும்புவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்ணப் பென்சிலைத் தேடுவார்கள். அதை நீங்கள் பார்ப்பதில்லை, அதனால்தான் நான் அரை மணி கழித்து ஒரு வரிச் செய்தி அனுப்பிவிடுவேன். கம்பியைப் பிடித்து நிற்கும் தாய்க்குத் தேவை அறிவுரை இல்லை, அந்த ஒரு வரிதான்.

இன்னொன்று நாள் முழுக்க ஓடுகிற அழுகை, அல்லது அழுகையே இல்லாத மௌனம். வாரக்கணக்கில் குறையாமல் போகிறது. பள்ளி நாளில் காலையில் வயிற்று வலி, விடுமுறை நாளில் துள்ளல். நன்றாகப் பேசிய பிள்ளை பேச்சைக் குறைக்கிறது. இதெல்லாம் இருந்தால் கண், காது, கழிப்பறை, பக்கத்தில் உட்காருபவர், வேன், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காதையும் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள். "சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை" என்று நாங்கள் குறை சொன்ன ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே ஒரு காது கேட்கவில்லை.

மாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளியில் தங்கமாக இருந்த பிள்ளை வீட்டுப் படி ஏறியதும் ஒன்றுமில்லாததற்கு உருண்டு புரளும். நாள் முழுக்க அடக்கி வைத்ததை நம்பிக்கையான இடத்தில் கொட்டுகிறது. அந்த நேரத்தில் போய் "இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று விசாரணை வைக்காதீர்கள். ஏதாவது தின்னக் கொடுத்து அரை மணி சும்மா விடுங்கள். படுக்கும்போது, நீங்கள் கேட்காமலே வரும்.

#11 கடைசிபெஞ்ச்

நான் கிண்டலாகத்தான் இழைக்குள் வந்தேன், இப்போது நோட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விடுமுறையில் படித்ததெல்லாம் மறந்துபோய்விடும் என்று வீட்டில் ஒரே பதற்றம். கடைசி இரண்டு வாரம் ட்யூஷனில் போட்டு நிரப்பலாம் என்கிறார்கள். யாருக்காவது தெரியுமா, அவ்வளவு மறக்குமா?

#12 எழுத்தாணி

கல்வியியல் படித்தவள், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஹாரிஸ் கூப்பரும் மற்றவர்களும் 1996-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்னடைவு இருக்கிறது, வாசிப்பைவிடக் கணக்கில் அதிகம் என்று எழுதினார்கள். எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். ஆனால் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் 2019-இல், பழைய தேர்வுகள் கட்டப்பட்டிருந்த விதமே இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கைக் காட்டியிருக்கலாம், புதிய அளவீடுகளில் அதே படம் வரவில்லை என்று காட்டினார். ஆகவே அடித்துச் சொல்ல ஆள் இல்லை. ஆசிரியர்கள் எப்படியும் முதல் சில வாரம் பழையதைத் திரும்பப் பார்ப்பார்கள். இரண்டு வார ட்யூஷனில் வருவது எரிச்சல்தான்.

அந்த இரண்டு வாரத்தை வேறொன்றுக்குச் செலவிடலாம். தூக்கத்துக்கு. அதை மருந்துச்சீட்டு அக்கா சொல்லட்டும்.

#13 மருந்துச்சீட்டு

கூப்பிட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13. காலை ஆறரைக்கு எழ வேண்டிய ஏழு வயதுப் பிள்ளைக்குப் பத்து மணி நேரம் வேண்டுமென்றால் எட்டரைக்குக் கண் மூடியிருக்க வேண்டும். எட்டரைக்குப் படுக்கையில் குதித்துக்கொண்டிருப்பது கணக்கில் வராது.

விடுமுறையில் பதினோரு மணி வரை விழித்த பிள்ளையைப் பள்ளி திறக்கும் முந்தைய இரவில் எட்டரைக்குப் போய்ப் படு என்றால் கூரையைத்தான் பார்க்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னுக்குத் தள்ளுங்கள். காலையில் எழுப்புவதையும் கூடவே முன்னுக்குக் கொண்டுவாருங்கள். சீக்கிரம் எழுந்தால்தான் சீக்கிரம் தூக்கம் வரும்.

பை எடை: பிள்ளையின் எடையில் 10-லிருந்து 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அளவு. 10 என்றே வையுங்கள். 20 கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்தால் அதிலேயே பாதி போச்சு. பள்ளியில் குடிநீர் இருந்தால் அரை லிட்டர் பாட்டில் போதும்.

பேன். சிரிக்காதீர்கள், முதல் மாதமே வரும். பேன் பறக்காது, குதிக்காது, தலையோடு தலை ஒட்டினால் ஊர்ந்து ஏறும். ஈர் பொரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால் மருந்து ஒரு தடவை போட்டு நிறுத்தினால் பொரித்தது திரும்பக் கிளம்பும். எத்தனை நாள் கழித்து மறுபடி போடுவது என்று அட்டையில் இருக்கும். அழுக்குக்கும் பேனுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சொல்லிக் காட்டவும் வேண்டாம்.

#14 புதுவரவு

நாங்கள் வருஷத்தின் நடுவில் சேர்ந்தவர்கள். வரவேற்பெல்லாம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வகுப்பில் பேசும் மொழி எங்கள் வீட்டு மொழி இல்லை. டைரியில் ஆசிரியை எழுதி அனுப்பியதை நான் படம் பிடித்து, போனில் மொழிபெயர்த்துப் பார்ப்பேன். ஒரு நாள் 'உங்கள் மகளை வறுத்துக் கொண்டுவரவும்' என்று வந்தது. அது என்ன என்று இன்று வரை தெரியாது.

எங்களைத் தேற்றியது ஒரே ஒரு ஆள். வேன் நிற்கும் இடத்தில் எப்போதும் பச்சைக் குடையோடு நிற்கும் ஒரு அம்மா. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தானாக வந்து, நாளைக்கு விளையாட்டு நாள், வேறு ஷூ என்று சைகையிலேயே காட்டினார். தன் காலைத் தூக்கிக் காட்டினார்! அதன் பிறகு எனக்கு எந்தக் கடிதமும் பயமில்லை. எதுவானாலும் பச்சைக் குடையிடம் காட்டிவிடுவேன்.

உங்கள் பக்கத்தில் அது வேண்டும் அக்கா. ஒரு குடும்பத்துக்கு ஒரு குடும்பம். குழுவில் இருநூறு பேர் இருந்து என்ன செய்ய, எனக்கு ஒருவர் போதும்.

#15 தாழ்வாரம்

பச்சைக் குடையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இதோ வரைவு:

முன்பக்கம் ஒரு கைவரைபடம். கேட், வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், வேன் நிற்கும் இடம். அதன் கீழே மூன்று நேரங்கள்: திறப்பது, மணி, விடுவது. தாமதமானால் அழைக்க ஒரே ஒரு எண். 'உங்கள் துணைக் குடும்பம்' என்று ஒரு கோடு, அதை நாங்கள் கையால் நிரப்புவோம். பின்பக்கம் ராப்பணி அண்ணாவின் கேள்விகள், கூடவே மருந்து, ஒவ்வாமை, கண்ணாடி உண்டா என்று மூன்று பெட்டிகள். 'அப்பா அம்மா கையெழுத்து' என்று இருந்ததை 'பொறுப்பாளர்' என்று மாற்றிவிட்டேன், தாத்தா கோபிக்கக் கூடாது.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு பள்ளியை மாலை ஒரு மணி நேரம் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். பேச்சு கிடையாது, மைக் கிடையாது. பிள்ளைகள் சுற்றிப் பார்ப்பார்கள், தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள்.

#16 பேத்திதாத்தா

கோபமில்லை, சந்தோஷம். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

#17 சிலேட்டு

வரைபடத்தில் கழிப்பறையைப் பெரிதாகப் போடுங்கள்.

#18 தாழ்வாரம்

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆயிற்று. சொன்னபடி வந்து எழுதுகிறேன்.

மாலை திறப்புக்கு பாதிக்கு மேல் வந்தார்கள். ஒரு பையன் கழிப்பறையில் தண்ணீரைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடி வந்து அம்மாவுக்கு அறிக்கை கொடுத்தான். தொட்டி காலியானதும்தான் நிறுத்தினான். முதல் நாள் காலை அவன் என்னைப் பார்த்து, எனக்கே வழி காட்டினான்.

துணைக் குடும்பத்தில் இரண்டு ஜோடி ஒட்டவில்லை. ஒருவர் போனே எடுப்பதில்லை. மாற்றிக் கொடுத்தோம். பின்பக்கக் கேள்விகளை நிரப்பிக் கொடுத்தவர்களில் மூன்று பேர் 'இரவு வேலை, மாலை நாலுக்கு மேல் கூப்பிடவும்' என்று எழுதியிருந்தார்கள். ஒரே வகுப்பில் மூன்று பேர். இத்தனை வருஷம் தெரியாது.

இனி சோகக் கதை. முதல் நாள் காலை ஏழு மணிக்கு பின் கேட் எதிரே குழாய் உடைந்து பெரிய பள்ளம். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எல்லாரும் முன் கேட். நான் அத்தனை ஆசையாக வரைந்த படம் மொத்தமும் தப்பு. சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய் மதில் முழுக்க அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தேன். மூச்சிரைத்தது.

#19 கடைசிபெஞ்ச்

குழுவில் போட வேண்டியதுதானே அக்கா? ஒரு நிமிஷ வேலை.

#20 தாழ்வாரம்

போட்டேனே. 'இன்று மட்டும் எல்லாரும் முன் கேட்டுக்கு வரவும்.' கீழே நாற்பத்தாறு 'நன்றி'. நாற்பத்தேழாவதாக ஒருவர் கேட்டிருந்தார்: "எந்தக் கேட்?"